இரண்டாவது கட்டி

மஸ்கட்டில் நான் ஸ்டோர் கீப்பர். சீல் உடையாத பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் புத்தியோடுதான் அக்காவின் வைத்தியத்துக்கு லீவில் வந்தேன்.

அக்கா திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்துகொண்டிருந்தாள். பெருங்குடலில் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் கண்டுபிடித்தார்கள். ஸ்கேனில் இரைப்பையிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. குடல் நோய்தான் அங்கே பரவியிருந்தால் ஆபரேஷனால் பெரிய பலன் இருக்காது என்ற டாக்டர், ஊசி வழியாக அந்தக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

எங்கள் வீடுகளில் இந்த வியாதியை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "அவங்ககிட்ட அல்சர்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றேன். டாக்டர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது எனக்கு உறுத்தியது.

ரிசல்ட் வந்த அன்று சிரித்த முகமாக என்னைக் கூப்பிட்டார்.

"இது பரவினது இல்லீங்க. இரைப்பைச் சுவத்துல தனியா வந்த வேற கட்டி, ஜிஸ்ட்னு பேரு. ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்துடலாம். தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு."

ஒரு உடம்பில் இரண்டு புற்றுநோயாம், அது நல்ல சேதியாம். யாரிடம் காது குத்துகிறார்? நான் கேட்டதும் அக்காவிடம் பொய் சொல்ல ஒத்துக்கொண்டவர், அக்கா கேட்டால் என்னிடமும் பொய் சொல்ல மாட்டாரா? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தம்பி நிம்மதியாகப் பிளேன் ஏறட்டும் என்று ஏதோ பேசி வைத்திருக்கிறாள்.

அந்தச் சதையை வைத்துப் பார்த்த கண்ணாடி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கித் திருச்சியில் வேறொரு லேபில் கொடுத்தேன். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றார்கள். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டால்? இல்லை என்று சாதித்தேன். ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, டாக்டர் லீவு என்று அக்காவிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்துத் திருச்சி ரிப்போர்ட் வந்தது. அதிலும் அதேதான், பரவியதில்லை, தனிக் கட்டி. அசடு வழிய வயலுக்கு ஓடினேன். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நாற்றங்கால் காலியாகக் கிடந்தது.

"நாத்தெல்லாம் எங்கக்கா?"

"பக்கத்து வயக்காரருக்குக் கொடுத்துட்டேன். குத்தகையையும் விட்டுட்டேன்."

"ஏன்?"

"டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன்டா. ரெண்டும் வேற வேற, எடுத்துடலாம்னுதான் சொன்னார். எனக்குத் தெரியும்னு உங்கிட்ட சொல்ல வேணாம்னேன், நீ கலங்கிப் போயிடுவியேன்னு. அப்புறம் நீ வந்து டாக்டர் லீவுன்னு சொன்னே. சரி, பரவித்தான் போச்சு, அதான் தள்ளிப் போடுறாங்கன்னு நெனச்சேன். தை அறுப்புக்கு நான் இருக்கப் போறதில்ல, நாத்த ஏன் வீணாக்கணும்?"

என் சந்தேகம் பாதி சரிதான், என்னிடம் மறைத்திருக்கிறார்கள். ஆனால் பத்து நாள் அவளைச் சாவுக்குத் தயாராக வைத்தது நான்தான். வெட்கத்தோடு திருச்சி ரிப்போர்ட்டை அவளிடம் நீட்டி, தேதியைத் தள்ளிவைத்தது நான்தான் என்று சொன்னேன்.

அந்த வாரமே இரண்டு கட்டிகளையும் எடுத்தார்கள். நான் மஸ்கட் திரும்பினேன். தை மாதம் போன் செய்து, என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"வரப்புல நின்னு அறுப்பு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "நம்ம நாத்துதான். அவர் வயல்ல நல்லா வெளஞ்சிருக்கு."