கரண்டி பிடித்ததும் வந்த தோல் வியாதி

சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் யார் யாருடைய வியாதிகளுக்கோ எண் போடுவது என் வேலை. அங்கே டாக்டர்கள் எழுதும் குறிப்பை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்து இன்சூரன்சுக்கு அனுப்ப வேண்டும். தோல் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் 'எல்' வரிசையில் வரும். கால் ஆணிக்கு ஓர் எண் உண்டு. வேர்க்குருவுக்குக்கூட உண்டு. எல் நாற்பது புள்ளி பூஜ்யம் என்றால் சொரியாசிஸ் வல்காரிஸ். அந்த இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் சாதாரணமானது, பரவலாகக் காணப்படுவது என்று பொருளாம். பயிற்சி வகுப்பில் அதைக் கேட்டதும் நான் பேனாவை மேசையில் அறைந்ததைப் பக்கத்து இருக்கைக்காரி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அறையாமல் என்ன செய்வது? அந்தச் சாதாரண வியாதிக்காகத்தான் என் அம்மாவை ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்து விசாரித்தார்கள். அந்த விசாரணையில் டாக்டர் சீட்டை எழுந்து நின்று வாசித்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு.

உத்திரமேரூரிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. எங்கள் வீடு காலனியில், ஏரிக் கால்வாயைத் தாண்டி. அம்மா அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஏழு வருஷமாக உதவியாளர். அதாவது பம்பில் தண்ணீர் அடிப்பது, அரிசி களைவது, விறகு தள்ளுவது, கூட்டுவது, கடைசியில் அண்டாவிலிருந்து தட்டுவரைக்கும் அத்தனையும் தேய்ப்பது. குழம்பு கூட்டுவதும் கரண்டி பிடித்துப் பரிமாறுவதும் ஊர்த்தெருவிலிருந்து வந்த சமையல்காரம்மா. அந்த ஏழு வருஷமும் அம்மா பரிமாறி நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பரிமாறத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். வீட்டில் எங்களுக்குப் பரிமாறியவள் யாரென்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை பாருங்கள்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவின் இரண்டு முழங்கையிலும் வட்டமாகச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் விரல் கணு வரைக்கும் வரும், வெயில் ஏறினால் குறையும். அம்மா அதை மறைத்ததே இல்லை. பம்பு இருந்தது பள்ளி மைதானத்தின் நட்ட நடுவில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை தெரியத் தெரிய, ஊர்ப் பிள்ளைகள் எல்லோர் கண்ணெதிரிலும்தான் ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தச் சமையல்காரம்மா ஓய்வு பெற்றார். புது ஆள் வரும்வரை அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! முதல் நாள் விடியும் முன்பே தலைக்குக் குளித்துவிட்டாள். ஏழு வருஷமாக அந்தச் சாம்பாரைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் திருத்தி வைத்திருந்திருக்கிறாள் போல. புளியைக் குறைத்தாள், பருப்பைக் குழைய விட்டாள், கடுகு பொரிந்த பிறகுதான் இறக்கினாள். வாத்தியார்களே டிபன் டப்பாவில் வாங்கிப் போனார்கள். புது உத்தரவு வரும்போது தன் பெயரிலேயே வந்தாலும் வரும் என்று வீட்டில் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

இரண்டாவது வாரத்தில் என் வகுப்பில் முட்டை மிஞ்ச ஆரம்பித்தது. ஊர்த்தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். எனக்கு இரண்டு முட்டை, சில நாள் மூன்றுகூடக் கிடைத்தது. எனக்கு அதிர்ஷ்டம் அடித்திருப்பதாக நினைத்து உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றேன்.

மூன்றாவது வாரம் புகார் வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் இன்னும் நாலு பேரும் ஹெச்.எம். அறைக்கு வந்தார்கள். சமைக்கிற பொம்பளைக்குத் தோல் வியாதி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்.

தோல் வியாதி! எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோலைப் பற்றித் தெரியாத சொல்லா? தேமல் வேறு, படர்தாமரை வேறு என்பார்கள். அக்கி எது, கரப்பான் எது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்வார்கள். நடவு நட்டால் சேற்றுப்புண், பிள்ளைக்கு வந்தால் பாலுண்ணி, மாட்டுக்கு வந்தால் அதற்கும் தனிப் பேர் வைத்திருப்பார்கள். அத்தனை பெயரையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு, என் அம்மாவுக்கு மட்டும் மொத்தமாக, பூடகமாக, 'தோல் வியாதி'. கேட்கிறவன் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று. நினைத்தார்கள். இரண்டே நாளில் அது குஷ்டம் என்று மினி பஸ்ஸில் பேச்சு அடிபட்டது.

டாக்டர் சீட்டு வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார் ஹெச்.எம். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அந்த டாக்டரம்மா கையுறை போடாமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதிலை நகத்தால் லேசாகச் சுரண்டினார். இது சொரியாசிஸ், உடம்பு தன் தோலையே அவசரம் அவசரமாக உண்டாக்குகிறது, அவ்வளவுதான், தொட்டாலும் ஒட்டாது, கூடச் சாப்பிட்டாலும் ஒட்டாது என்றார். தாளில் எழுதி என்னிடம் காட்டி, முதலில் இருக்கும் 'பி'யைச் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். 'பி'யை முதலில் எழுதிவிட்டுச் சொல்லாமல் விடுகிற சொல்லை நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இவ்வளவு அழகான பேருள்ள வியாதி எங்கள் வகுப்பில் வேறு யார் அம்மாவுக்கும் இல்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

சீட்டு முழுக்க இங்கிலீஷ். நான்கே வாக்கியம். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வேறு. டீச்சரிடம் அகராதி இரவல் வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுதி, மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒட்டாது என்ற இடம் வரும்போது மட்டும், "அத நல்லா நிறுத்திச் சொல்லு பாப்பா" என்பாள். அது முடிந்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், கடைசி வரி வரை இருந்ததில்லை.

சனிக்கிழமை கூட்டம். எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தலைவருக்கும் ஹெச்.எம்.முக்கும் நாற்காலி. அம்மா கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் உட்கார வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

தலைவர்தான் ஆரம்பித்தார். "இந்தாம்மா, உன் மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. கைய இப்டி வச்சிக்கினு சோறு போட்டா கொயந்தைங்களுக்கு ஒட்டிக்காதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? எங்களுக்கு இல்ல பேஜாரு."

"டாக்டரு எயுதிக் குடுத்துக்கீறாங்க அய்யா. பாப்பா படிக்கும்," என்றாள் அம்மா.

நான் நடுவில் போய் நின்றேன். முதல் வாக்கியம்: இவருக்கு வந்திருப்பது சொரியாசிஸ் வல்காரிஸ், என் சிகிச்சையில் இருக்கிறார். இரண்டாவது: இது தொற்றுநோய் அல்ல, தொடுவதாலோ உணவாலோ பாத்திரத்தாலோ பரவாது. அங்கே நல்லா நிறுத்தினேன். மூன்றாவது: இவர் சமைக்கவும் பரிமாறவும் தகுதியானவர். ஒவ்வொன்றையும் முதலில் இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். நான்காவது வாக்கியத்துக்கு வரும்போது அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் கேட்டால் என்ன கேட்காவிட்டால் என்ன, மூன்று நாள் உழைப்பு ஆயிற்றே, அதையும் விடாமல் வாசித்து முடித்தேன்.

"ஷோக்கா படிக்கிதே இந்தப் பொண்ணு!" என்றார் தலைவர். ஹெச்.எம். கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "டாக்டரு சொல்றத நாங்க நம்பலன்னு இல்ல. ஆனா நாலு பேருக்கு மனசு ஒப்பணும்ல? அதுக்காவ இந்தம்மா வேலைக்கி வராம போவ வாணாம், பாவம். முன்ன மாரியே தண்ணி அடிச்சிக்கினு, பாத்திரம் கயுவிக்கினு இருக்கட்டும். கரண்டிக்கி மட்டும் எங்க தெருவுல ஒரு ஆளு கீது, அனுப்பறோம்."

நல்ல முடிவு என்றார் ஹெச்.எம். மேலே எழுதி உத்தரவு வாங்கிவிடலாம் என்றார். வாங்கியும்விட்டார். டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் வைத்துக் கட்டினார்.

எனக்கு ரத்தம் கொதிப்பதெல்லாம் இப்போதுதான். முழங்கையில் இருப்பது ஒட்டும் என்றால், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தின்கிற தட்டை அந்தக் கையால் தேய்க்கும்போது ஒட்டாதா? அரிசி களையும்போது ஒட்டாதா? குடிக்கிற தண்ணீரை அடித்து நிரப்பும்போது ஒட்டாதா? ஏழு வருஷம் ஒட்டாதது, கரண்டியைத் தொட்ட மூன்றாவது வாரம் ஒட்டுமா? படித்த ஹெச்.எம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவர் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆகாதது அந்த முழங்கை இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி தங்கள் பிள்ளைகள் தட்டில் சோறு போட்டது ஆகவில்லை. அதைச் சாதி என்று சொல்லத் துணிச்சல் இல்லாமல், அம்மாவின் தோலைப் பிடித்துக்கொண்டார்கள். வெட்கமில்லாமல் டாக்டரிடம் வேறு அனுப்பினார்கள், என்னை வேறு வாசிக்கச் சொல்லிக் கை தட்டினார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. வேலை போய்விடும் என்று வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு. இப்போது போகவில்லை. நான் வாசித்ததால்தான் போகவில்லை. கூட்டம் கலைந்ததும் நான் முன்னால் குதித்துக்கொண்டு போனேன், அம்மா பின்னால் வந்தாள். கால்வாய்ப் பாலத்துக் கைப்பிடிக் கட்டை வந்ததும் நின்றோம். இனிமேல் முட்டை மிஞ்சாதே என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த வருத்தம்.

"நான்தான் வேலைய காப்பாத்துனேன், இல்லமா?" என்றேன்.

அம்மா கட்டையில் உட்கார்ந்தாள். "கடசியா ஒரு வரி படிச்சியே, அவுங்க பேசிக்கினு இருந்தாங்க, எனுக்குச் செரியா காதுல வுயல. இன்னாடி அது? இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

நான் வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு தமிழில்: "இவர் தண்ணீரிலும் சோப்புத் தூளிலும் அதிக நேரம் கை வைக்கக் கூடாது, பாத்திரம் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. என் இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்து நானும் கூடவே சிரித்தேன். அவள் இன்னும் சிரிக்கட்டும் என்று, அந்த வரியை இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.