அடியில் இருந்த துளை

2009-இல் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். ஆய்வகம் என்று பேர்தான். ஒரு பீரோ, அதற்குள் நாலு புட்டி. அதில் உருப்படியான ஒரே பொருள் என்னுடையது. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது துறையிலிருந்த அச்சை இரவல் வாங்கி, விடுதி அறையில் பிளாஸ்டர் கரைத்து நானே வார்த்த மண்டை ஓடு. தென்னாப்பிரிக்கக் குகை ஒன்றில் கிடைத்த புதைபடிவத்தின் நகல். இருபது லட்சம் வருடங்களுக்கும் முன்னால் வாழ்ந்தவள்.

முகத்தைப் பார்த்தால் குரங்குதான். நெற்றியே கிடையாது, தாடை துருத்திக்கொண்டு நிற்கும். கவிழ்த்துப் பார்த்தால்தான் சங்கதி. முதுகெலும்பு வந்து சேரும் துளை, குரங்குக்கு இருப்பதுபோலப் பின்னால் தள்ளி இல்லாமல் அடியில் இருக்கும். அப்படியென்றால் நிமிர்ந்து நடந்தவள். மூளை பெரிதாவதற்கு முன்பே நம் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்பதற்கு அந்தத் துளைதான் சாட்சி. போர்டில் எத்தனை படம் போட்டாலும் பிள்ளைகள் மண்டையில் ஏறாது. அந்தத் துளையில் விரலை விட்டுப் பார்த்ததும் ஏறிவிடும்.

அந்த வருடம் புது அறிவியல் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்து வந்த கட்டடம். பரிணாமப் பாடத்துக்கு முந்தைய நாள் பீரோவைத் திறந்தால் மண்டை ஓடு இல்லை.

தேடிக்கொண்டே வெளியே வந்து அண்ணாந்தேன். மாடிச் சாரத்தில் ரோட்டுப் பக்கம் படுக்கையாக நீட்டியிருந்த சவுக்குக் கம்பின் முனையில் இருந்தாள். முகமெல்லாம் கறுப்பு பெயின்ட், கண்ணுக்கு வெள்ளை வட்டம், வாயில் சிவப்புத் துணியில் நாக்கு, பக்கத்தில் ஒரு பழைய செருப்பு. திருஷ்டி பொம்மை!

மேஸ்திரிமேல் பாய்ந்தேன்.

"எம்மேல ஏன் சார் கோவப்படுறீங்க? பழைய பொம்மை மழையில ஊறிப் போச்சு. தாளாளர் அய்யாதான் பீரோவத் தொறந்து குடுத்தாரு. இவ்ளோ கோரமா, பொம்ம செய்யுற பண்ருட்டில தேடுனாலும் கெடைக்காதுன்னாரு."

அறைக்கே போய்க் கேட்டதற்குத் தாளாளர் சிரித்தார். "புள்ளைங்க பாக்கணும்னுதான சார் வெச்சிருந்தீங்க? இப்ப ஊரே பாக்குது. ஜாஸ்தி டென்ஷன் ஆவாதீங்க."

ஆண்டு விழா மேடையில் விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன் இவர். கருமம்! அறிவியல் கட்டடத்துக்குக் கண்ணு பட்டுவிடுமாம். அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

சாயங்காலம் நானே சாரத்தில் ஏறி இறக்கிவந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கறுப்பு முழுசாகப் போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. முகம் ரோட்டைப் பார்க்க வேண்டுமே என்று, கம்பு நுழைய வசதியாகத் துளையைப் பின்மண்டை வரைக்கும் உளியால் கொத்தி, அடியில் இருந்த பழைய துளையைச் சிமென்டால் அடைத்திருந்தார்கள்.

மறுநாள் பாடத்துக்கு வேறு வழியில்லாமல் அதையே எடுத்துப்போனேன். வழக்கம்போல விளக்கினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி ஆசையாக வாங்கிக் கவிழ்த்து, விரலை விட்டுப் பார்த்தாள்.

"சார், ஓட்டை பின்னாலதான இருக்கு? அப்ப இது நாலு கால்ல நடந்துச்சு. கொரங்குதான், கரெக்டா சார்?"

நான் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் அவள் சொன்னது சரி.