ராத்தா சொல்லுவா

விறாந்தைச் சீமெந்தில் சின்னச் சப்பாத்துகள் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டால், ஐந்தாம் தர வகுப்பிலிருந்த நான் உடனே புத்தகத்தை மூடிவிடுவேன். மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தம் எனக்கு மட்டுமே உரியது: முதலாம் தரத்தில் படிக்கும் என் தம்பி ஹாரிஸ் எதையோ சொல்கிறான், அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை, என்னைக் கூட்டிவரச் சொல்லிப் பிள்ளையொன்றை அனுப்பியிருக்கிறார்கள்.

ஹாரிஸுக்கு ஆறு வயதாகியும் பேச்சுத் தெளியவில்லை. 'க'வும் 'ச'வும் அவன் வாயில் 'த' ஆகிவிடும். கிளி அவனுக்குத் 'திளி'. மிச்சச் சொற்களில் பாதி வாய்க்குள்ளேயே கரைந்துபோகும். எனக்கு மட்டும் ஒரு சொல் தப்பாமல் விளங்கும். யாராவது கவலைப்பட்டால், "ராத்தா ஈக்கிறா தானே, அவ சொல்லுவா" என்று உம்மா பேச்சை முடித்துவிடுவார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷந்தான், இப்படியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே படித்த ஒரு மிஸ் யட்டவத்தயிலிருந்து வந்து சேர்ந்தார். வந்த கிழமையே ஹாரிஸ் வகுப்பில் தேம்பித் தேம்பி அழுதான். வழக்கம்போல ஓடிப்போய், "மிஸ், அவன்ட..." என்று தொடங்கினேன்.

மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க வெளியில நில்லுங்க மகள். அவரு சொல்லுவாரு."

"அவனுக்குச் சொல்ல ஏலாது மிஸ்!" கத்தினேன் என்றே சொல்லவேண்டும்.

"எனக்கு அவசரமில்ல."

கதவுக்கு வெளியே நின்று அந்த மனுஷியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரோ ஹாரிஸுக்கு எதிரே சின்னக் கதிரையில் அமர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். மற்றப் பிள்ளைகளையும் சிரிக்கவிடவில்லை. பிறகு மெதுவாக, "புத்தகமா, பென்சிலா?" என்று கேட்டார். அவன் என்னைத் தேடினான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பென்தில்... தாணல்ல" என்றான்.

"ஓ, பென்சில் காணல்லியா? வாங்க, தேடுவோம்." பிழையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் மேசைக்கடியில் குனிந்தார்கள். பென்சில் கிடைத்ததும் ஹாரிஸ் சிரித்தானே ஒரு சிரிப்பு, அது மிஸ்ஸைப் பார்த்து. எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. பாடம் நடக்கும், என் காது மட்டும் விறாந்தையிலேயே கிடக்கும்.

இன்று ஹாரிஸுக்கு அலுவிகாரையில் வாசனைத் திரவியக் கடை. சிங்களமும் தமிழுமாகப் பேச ஆரம்பித்தானென்றால் அவன் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடு. தொழுதுவிட்டுக் கையேந்திக் கேட்கும் துஆவில் அந்த மிஸ்ஸை நான் மறப்பதில்லை. போன பெருநாளன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சின்ன வயதில் அவன் சோறு கேட்பதுபோலவே விளையாட்டாகக் கேட்டுக் காட்டினேன். பிசைந்த சோற்றோடு கை அப்படியே நிற்க, என்னைப் பார்த்தான்.

"என்ன ராத்தா சொல்றீங்க? ஒண்ணும் விளங்கல்லியே!"

சிரித்தேன், சந்தோஷமாகத்தான். அந்தப் பேச்சு விளங்குகிற ஆள் இனி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.