சுவரைப் பார்த்துப் பேசியவள்

யுத்த காலத்தில் விழுப்புரம் டெலிபோன் ஆபீசில் பெண்களுக்கென்று ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. இன்டர்வியூவுக்கு இரண்டு பேர்: தந்திப் பயிற்சி முடித்த நான், திண்டிவனத்தில் என்னோடு ரயிலேறிய அவள்.

ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். பெரிய மனிதர் எதிரே வந்தால் மட்டும் முதுகு வளைந்து, வலது கை வாயைப் பொத்திக்கொள்ளும். கூலிக்காரக் குடும்பத்துக்கு ஊர் பழக்கிவிட்ட மரியாதை அது.

"நிமிர்ந்து உட்காரு, முகத்தைப் பாரு, கையை மடியில வை" என்று வழியெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"கை எறங்குனா பேச்சும் எறங்கிடுதுக்கா" என்றாள்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். பொத்திய வாயோடு அவள் சொன்னது அதிகாரிக்குக் கேட்கவில்லை.

"சத்தமா பேசும்மா, இது டெலிபோன் வேலை!"

கையை இறக்கினாள். பேச்சு நின்றுபோனது. பிறகு மெல்லக் கேட்டாள்: "ஐயா, செவுத்தப் பாத்துக்கினு பேசட்டுங்களா?"

திரும்பி நின்று அவள் பேசியது வராந்தா வரை கேட்டது. அதிகாரி சிரித்துவிட்டார். "டெலிபோன்லயும் மூஞ்சி தெரியாதுதானே!"

என் முறை வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், முகத்தைப் பார்த்தேன், கையை மடியில் வைத்தேன். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

"கோச்சிக்கினீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டபோது அவள் கை மறுபடி வாய்மேல் இருந்தது. மரியாதைக்கா, சிரிப்பை மறைக்கவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.