செல்வராணியின் கார் மூச்சுவிட்ட நாள்

செவ்வாய்க்கிழமை காலை, காலண்டர் தாள் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தேன். செல்வராணியின் கணவர் பேசினார். "அண்ணே, ராணி போயிட்டா. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." நாற்பத்து நான்கு வயது. திருத்தங்கலில் எங்கள் அச்சகத்தில் பதினாறு வருடம், அச்சடிக்கும் படத்தை அலுமினியத் தகட்டில் பதித்து பிளேட் போட்டவர். அந்த பிளேட்டுகளை மெஷினில் ஏற்றி ஓட்டியவன் நான்.

இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும், கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய பொறுமைதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு வருவது வேறு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மைதானத்தில், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடிவந்த செல்வராணி.

அங்கே கார் பிரியர்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்துவார்கள். நேரான பாதையில் ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓடவேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. செல்வராணி தன் பழைய சிவப்பு காரோடு முதல்முறை போனபோது கடைசியாக வந்தார். "வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போற வண்டியா?" என்று ஒருவர் கேட்டாராம். திங்கட்கிழமை என்னிடம் சொல்லும்போதும் அவர் முகம் சிவந்தது.

அடுத்த போட்டிக்குமுன் ஏர் இன்டேக் வாங்கினார். கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு அகலமான குழாயும் கூம்பு ஃபில்டரும் பொருத்தினால், எஞ்சினுக்குக் காற்று தாராளமாகப் போகும். அச்சகத்துக்குப் பின்னால் நிறுத்தி நாங்கள் இருவரும் மாட்டினோம். ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எனக்குக் கை உதறியது. அவரோ காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எங்கனயோ காத்து திருட்டுத்தனமா போகுதுண்ணே. கேக்குதா?"

ஒரு சின்ன ரப்பர் குழாய் கழன்றிருந்தது. மாட்டியதும் விளக்கு அணைந்தது. "பிளேட்டோ வண்டியோ, சரியா உக்காரலேன்னா கத்தும்ணே. நாமதான் காது குடுக்கணும்" என்றார்.

போட்டியன்று நானும் போனேன். முதல் ஓட்டத்தில் வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டது. முடிவில் நேரத்தைச் சொன்னார்கள்: போன தடவையைவிட மோசம்! ஓரமாகச் சிரிப்புச் சத்தம். செல்வராணி பானெட்டைத் திறந்து அந்தக் குழாயில் கை வைத்தார், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்கண்ணே! வெளிக்காத்தக் குடிக்கல. எஞ்சின் விட்ட சூட்டையே திருப்பிக் குடிக்கிது!"

அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். டிக்கியில் விரித்திருந்த பழைய அலுமினிய பிளேட் ஒன்றை உருவினார். பட்டாசுப் பெட்டி லேபிள் அடித்த பிளேட். தகரக் கத்தரியால் வெட்டி, இரண்டாக மடித்து, ஓரத்துக்கு ரப்பர் கொடுத்து, திருகி முறுக்கினார். முன் பம்பரிலிருந்து ஃபில்டர்வரை வெளிக்காற்றுக்கு ஒரு குழாயையும் இழுத்துவிட்டார். அவர் நகக்கண்ணில் ரத்தம். "விடும்மா, போதும்" என்றேன். "இன்னும் ரெண்டு ஸ்க்ரூதாண்ணே, சும்மா இருங்க" என்றார்.

இரண்டாவது ஓட்டம். புறப்பட்டபோதே சத்தம் வேறு; அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். கம்பிவேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போ! போ!" என்று கத்தினேன். புழுதி அடங்கியதும் நேரத்தை அறிவித்தார்கள். பதினோரு வண்டிகளில் நான்காவது! பரிசு மூன்று பேருக்குத்தான். செல்வராணி அதையெல்லாம் பார்க்கவில்லை. காரை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாத்தீகளா அண்ணே! பாத்தீகளா!"

காய்கறி வண்டி என்று கேட்டவரே வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சங்குச்சக்கரம் படம் போட்ட தடுப்பு. "இது எங்க கிடைக்கும்கா?" என்று கேட்டார். "சிவகாசிக்கு வாங்க, எம்புட்டு வேணும்?" என்றார் செல்வராணி.

திரும்பும்போது ஆளில்லாத ஒரு சாலையில் வண்டியை நிறுத்திச் சாவியை என்னிடம் நீட்டினார். எனக்கு ஓட்டத் தெரியாது, ஐம்பத்திரண்டு வயது என்றேன். "நாலு டன் மெஷின ஓட்டுறீக, இதுக்குப் பயமா? ஓரமா நான் இருக்கேன்ல" என்றார். ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். முடியும்போது இருவரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்தேன். நேற்று அவர் அஸ்தியைக் கரைக்க, அவர் கணவரையும் மகளையும் இருக்கன்குடி ஆற்றங்கரைக்கு அந்தச் சிவப்பு காரில் அழைத்துப்போனது நான்தான். செல்வராணி எனக்கு விட்டுப்போனது இதுதான்: ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது நடுங்காத இந்த இரண்டு கைகள்.