உள்ளே இருப்பவர்கள் இறங்கட்டும்

எட்டாம் வகுப்பு தாண்டாத நான் கடலூரில் மூன்று மினி பஸ் ஓடவிட்டேன். வண்டி நிற்க ஷெட் போட்டேன், மாடிவீடு கட்டினேன். சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போக எங்கள் பக்கத்தில் முதலில் வேன் விட்டதும் நான்தான். கண்டக்டர் பையோடு தொடங்கியவனைப் பார்த்து, "இவனுக்கெல்லாம் எதுக்கு மொதலாளி ஆசை" என்று கேட்டவர்களை என் வண்டியிலேயே ஏற்றி டிக்கெட் கொடுத்தேன். இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊர் சொல்லாத ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து விறகுப் புகையில் வெந்தவள். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஓடிவந்தவள்போல் வேகவேகமாக, குட்டிக்குட்டியாக மூச்சு விடுவாள். வேகமாக விட்டால் நல்லதுதானே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இல்லைங்கய்யா. மேலோட்டமா விடுற மூச்சு தொண்டைக்குழாய்லயே போய்ட்டுத் திரும்பிடும். ரத்தத்துல இருக்கிற கரியமில வாயு வெளிய வராது. நிதானமா, ஆழமா விடணும்."

எனக்கு உடனே பிடிபட்டது. கூட்ட நேரத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் படியில் தொங்குகிறவன்தான் இறங்குவான், ஏறுவான். உள்ளே நசுங்குகிறவன் அப்படியே கிடப்பான். கொஞ்சம் நின்று எடுத்தால்தான் அவன் வெளியே வர முடியும்.

அன்றிலிருந்து கட்டிலோரம் நின்றேன். "உள்ள போ... இன்னும் உள்ள போ... ம், எறங்கு, மெதுவா எறங்கு. ஒதட்டக் குவிச்சு விடு."

"கெழவனுக்கு இன்னும் கண்டக்டர் புத்தி போவல. விசில் எங்க?" என்பாள். சிரித்தால் மூச்சு முட்டும். அப்படியும் சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் மங்கலம்பேட்டையிலிருந்து அவள் தம்பி பார்க்க வந்தான். அவள் கண்மூடிக் கிடந்தாள். இரைப்பு அடங்கியிருந்தது. முகம்கூடச் சிவந்து களையாகத் தெரிந்தது. விரலில் மாட்டிய கிளிப் நல்ல நம்பர் காட்டியது.

"இன்னிக்குத்தான் அம்மா அசந்து தூங்குறாங்க," என்றான் மகன்.

"நோவுல கெடக்குறவங்கள எழுப்பக் கூடாது மாமா," என்றான் தம்பி.

நான் நெஞ்சைப் பார்த்தேன். அது ஏறவேயில்லை, தொண்டைக்குழியில் மட்டும் ஓர் அசைவு. தோளைப் பிடித்து உலுக்கினேன். "எறங்கு, எறங்கு!" மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். பாதிக் கண் திறந்தவள், "சில்லறை இல்லைங்க," என்று குழறினாள்.

நர்ஸைக் கூப்பிட்டேன். மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கரியமில வாயு ஏறிக் கிடந்தது. தூக்கம் இல்லை, மயக்கம். "அந்தக் கிளிப் ஆக்ஸிஜனத்தான் காட்டும், இதக் காட்டாது," என்றார் டாக்டரம்மா. மாஸ்க்கை இறுக்கிக் கட்டினார்கள். மிஷின் காற்றைத் தள்ளியது. மறுநாள் வழக்கம்போல் "ஏங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தாள். பொங்கலுக்குப் பால் பொங்குவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். மாசியில் போய்விட்டாள். அன்றைக்கும் சொல்லிக்கொண்டேதான் நின்றேன். கேட்க அவளிடம் மூச்சில்லை.

வருஷ நினைவு நாள் பேனருக்கு மகன் எழுதிக் காட்டினான். டாக்டருக்கு நன்றி, ஆஸ்பத்திரிக்கு நன்றி, வந்து பார்த்த உறவுகளுக்கு நன்றி. கடைசியில், துயரில் வாடும் கணவன்.

வாடுகிறேன், சரி. அதற்கு மேலே ஒரு வரி சேர். அந்தப் பொங்கலை அவள் பார்த்தது, எழுப்பாதே என்று எல்லாரும் சொன்னபோது புருஷன் எழுப்பியதால். பெரிய எழுத்தில் போடு.