சினிவா அண்ணி சொன்ன ‘வேண்டாம்’

சினிவா அண்ணிக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. பேருந்து நிறுத்தத்தில் வைத்து, கட்டிக்கொள்கிறாயா என்று என் அண்ணன் கேட்டபோது பேருந்து வந்துகொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாளாம். முப்பத்தோரு வருடம் ஆகிறது. பிரிஸ்பேன் பக்கம் லோகனில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறாள். யாருக்கு விடுப்பு வேண்டுமானாலும் அவர்கள் வேலையும் அவளுக்குத்தான். ஒருமுறை தன் பழைய சோபாவை இரண்டு பேருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு, இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள்.

அவள் பிறந்த சமோவாத் தீவின் ஆப்பியாவிலிருந்து அவள் தம்பி, தன் மகள் கல்யாணத்துக்குப் பெரிய பன்றி தருவாயா என்று ஃபோனில் கேட்டான். தருவேன் என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் ஆப்பியாவில் வங்கி வாசலில் நின்றோம். பன்றி, அதை விற்கும் தோஃபிங்காவின் பிக்கப் வண்டியில். விலை, அந்த ஊர்ப் பணத்தில் ஆயிரம் தாலா. அண்ணியின் கணக்கில் ஐந்நூற்று எழுபது ஆஸ்திரேலிய டாலர். ஆயிரம் தாலாவுக்கு ஐந்நூற்று ஐம்பத்தைந்து ஆகும் என்று பார்த்து வைத்திருந்தாள்.

“அக்கா, அரை மணி பாப்பேன். அப்புறம் பாதிரியார் வீட்டுக்கு ஓட்டிடுவேன். அங்க காசோட நிக்கறாங்க” என்றான் தோஃபிங்கா.

அண்ணி ஏடிஎம்மில் அட்டையைச் செருகினாள். ஆயிரம் தாலாவுக்கு அறுநூற்றாறு டாலர் கழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள். கணக்கில் போதிய பணம் இல்லை என்று அட்டை வெளியே வந்தது. மறுபடி செருகினாள். மறுபடி சம்மதம். மறுபடி அட்டை.

காவலுக்கு நின்ற பெண் சிரித்துவிட்டாள். “ஏம்மா, அது கேட்டா சரின்னுதான் சொல்லணுமா?”

“கேக்குறப்போ வேற என்ன சொல்றது?”

“வேணாம்னு சொல்லு.”

“அப்புறம் காசு தராதே!”

“காசு வேணுமான்னா கேக்குது? உன் டாலர்ல நானே கணக்குப் போடட்டுமான்னு கேக்குது. அது போட்டா அதுக்கு ஒரு பங்கு. வேணாம்னு சொல்லு, உங்க ஊரு பேங்க் கணக்குப் போட்டுக்கும். குறைச்சலா வரும்.”

அண்ணி என்னைப் பார்த்தாள்.

“எனக்கென்ன தெரியும் அண்ணி? அழுத்திப் பாருங்க.”

“மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமேடா.”

“அதுக்கு மூஞ்சி ஏது?”

வண்டியில் பன்றி கத்தியது. தோஃபிங்கா சாவியைத் திருகினான்.

அண்ணி மூன்றாம் முறை அட்டையைச் செருகினாள். அதே கேள்வி. அவள் ஊரில் பெரியவர்களுக்குக் குறுக்கே நடக்கும்போது ‘துலோ’ என்று மன்னிப்புக் கேட்டுக் குனிவார்கள்; அதுபோல் கொஞ்சம் குனிந்து, “துலோ, தப்பா நினைச்சுக்காதே” என்றாள். வேண்டாம் என்பதை ஒரு விரல் நுனியால் தொட்டாள்.

உள்ளே கரகரவென்று சத்தம். தாலா வந்தது. அவள் ஃபோனுக்குச் செய்தியும் வந்தது: ஏடிஎம்முக்கான கூலியும் சேர்த்து ஐந்நூற்று அறுபத்தொன்று.

“பாத்தியா, கோவிச்சுக்கலை” என்றாள் என்னிடம்.

தோஃபிங்கா பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். “அக்கா, வழியில என் மாமியாரும் ஏறிக்கட்டுமா? அவங்களும் கல்யாணம் பாத்து ரொம்ப நாளாச்சு.”

“அதுக்கென்ன, ஏறட்டும். முன்னாடியே உக்காரட்டும்.”

கல்யாண வீடு வரை அவர்கள் மூவரும் முன்னால். நானும் பன்றியும் பின்னால்.